மாதக் கணக்கு ஓடும்போதும் திரை அசைய வேண்டும்: ஃப்ளட்டர் ஐசொலேட், நீண்ட நாள் அனுபவம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு நான் எழுதித் தந்த பில்லிங் செயலி, கூகுளின் செயலி எழுதும் கருவியான ஃப்ளட்டரில் ஓடுகிறது. மாதக் கடைசியில் அதற்கு ஒரு நீளமான லூப் வேலை, அதாவது ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் வேலை உண்டு. அந்த மாதத்துப் பில்களை ஒன்று விடாமல் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். கியூஆரில் கட்டினால் அந்தச் சரிக்கட்டல் கிடையாது. பாதி ரொக்கம், பாதி கியூஆர், நடுவில் திரும்பி வந்த சரக்கு என்று கலந்துவிட்டால் கல்லாவும் கணக்கும் சில சென் இடிக்கும். அந்தச் சில்லறையைத் தேடத்தான் இத்தனை பாடு.

கணினியில் இது கண்ணிமைக்கும் வேலை. கடையில் இருப்பதோ விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், அதுவும் மஞ்சள்தூள் படிந்தது. அங்கேதான் ஐசொலேட்டை, அதாவது தனி நினைவகத்தோடு தனியாக ஓடும் வேலைக்கூடத்தை, நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2023 ஜனவரியில் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டின் 2.19 பதிப்புடன், ஒரு ஃபங்ஷனைத் தனி ஐசொலேட்டில் ஓட்டித் தரும் ஐசொலேட்.ரன் வந்ததிலிருந்து அதுவே என் வழக்கம். அதற்கு முன், அதே வேலையைச் செய்யும் ஃப்ளட்டரின் கம்ப்யூட். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்குப் போடும் வேலைக்கு அருமை, பாதியில் நிறுத்த வேண்டிய வேலைக்கு அது மட்டும் போதாது.

முதலில், 'விடை வரும் வரை காத்திரு' என்று சொல்லும் அவெய்ட் பற்றி. ஃபங்ஷனுக்கு ஏசிங்க் என்ற அடையாளம் போட்டு, லூப்புக்குள் அவெய்ட் எழுதிவிட்டால் வேலை பின்னணிக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் ஏராளம். போகாது. டார்ட்டில் ஓர் ஐசொலேட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். திரையை வரைவதும் அதே ஐசொலேட்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒருமுறை திரையை வரைய, கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி. லூப் அதைத் தின்றுவிட்டால், 'காத்திருக்கவும்' என்று சுழல வேண்டிய வட்டமும் சேர்ந்தே நின்றுவிடும். இதைவிடக் கேலியான காட்சி ஒரு செயலியில் இருக்க முடியாது. அப்புறம் இன்னொரு நுணுக்கம்: ஏற்கெனவே முடிந்துபோன ஃபியூச்சருக்கு (பிறகு வரப்போகும் விடைக்கான சீட்டு) அவெய்ட் போட்டால், மீதிக் குறியீடு மைக்ரோடாஸ்க் என்ற முன்னுரிமை வரிசையில்தான் சேரும். அந்த வரிசை காலியாகும் வரை தொடுதலோ ஃபிரேமோ ஈவென்ட் வரிசையிலிருந்து எடுக்கப்படாது. அதனால் ஆயிரம் அவெய்ட் எழுதியும் திரை உறைந்தே கிடக்கும்.

ஐசொலேட்.ரன் இதை நேராகத் தீர்க்கிறது. பில் பட்டியலைக் கொடுத்தால் தனி நினைவகத்தில் தனியாகக் கூட்டி விடையைத் திருப்பித் தரும். உள்ளே அனுப்பும் பட்டியல் நகலாகப் போவதால் பெரிய பட்டியலுக்கு அதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். திரும்பி வரும் விடைக்கு நகல் எடுக்கும் செலவு இல்லை. ஒரே எரிச்சல் குளோஷர், அதாவது சுற்றியிருக்கும் மாறிகளையும் பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷன். விட்ஜெட்டின் (திரையின் ஓர் உறுப்பு) நிலையைத் தாங்கும் ஸ்டேட்டுக்குள் வைத்து எழுதினால், தெரியாமலே அது அந்த ஸ்டேட் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். 'அனுப்ப முடியாத பொருள்' என்று பிழை வரும். கணக்குப் போடும் ஃபங்ஷனை வகுப்புக்கு வெளியே தனியாக எழுதினால் தொல்லை விட்டது.

கடையில் நான் கற்றது வேறு. திரை உறையவில்லை, பட்டன்கள் வேலை செய்தன, ஆனாலும் கடைக்கார அக்கா சந்தோஷப்படவில்லை.

"தம்பி, இது ஓடுதா, செத்துப் போச்சா?"

"ஓடுதுக்கா."

"எவ்ளோ ஓடியிருக்கு? போன மாசத்துக்குப் பதிலா இந்த மாசத்தத் தட்டிட்டேன் லா. எப்படி நிறுத்துறது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஐசொலேட்.ரன்னில் இரண்டுக்கும் பதில் இல்லை. வழியில் எதுவும் சொல்லாது, நடுவில் நிறுத்தவும் வழி தராது. அதனால் ஐசொலேட்டை நாமே தொடங்கிக் கையாளும் ஐசொலேட்.ஸ்பான் பக்கம் போனேன். அதில் போர்ட் என்ற செய்திப் பாதை வழியாக 'இத்தனை பில் முடிந்தது' என்று செய்தி அனுப்பலாம். ஒவ்வொரு பில்லுக்கும் அனுப்பக் கூடாது. செய்திகள் குவிந்து, காப்பாற்ற நினைத்த திரையையே அவை திணறடிக்கும். நொடிக்கு ஐந்தாறு தடவை போதும், கண்ணுக்கு அது தொடர்ச்சியாகவே தெரியும்.

நிறுத்துவதற்கு 'கில்' இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் ஐசொலேட்டே டேட்டாபேஸில் எழுதிக்கொண்டிருந்தால் பாதி எழுதிய நிலையில் போய்ச் சேரும். எனவே அது கூட்டல் கழித்தலோடு நிற்கும். முடிவை எழுதுவது திரையை வரையும் மெயின் ஐசொலேட், அதுவும் 'முழுதாக எழுது, இல்லையேல் எதுவும் எழுதாதே' என்னும் ஒரே டிரான்சாக்‌ஷனில். இப்படிப் பிரித்த பிறகு ரத்து பட்டனை யார் எப்போது அழுத்தினாலும் எனக்குப் பயமில்லை. 'நிறுத்து' என்று செய்தி அனுப்பி நாகரிகமாக நிறுத்தலாமே என்றால், இடைவிடாத லூப்புக்குள் இருக்கும் ஐசொலேட் அந்தச் செய்தியைத் திறந்தே பார்க்காது. ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதும் மொழியான கோட்லினின் கோரூட்டீனிலும் (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய வேலை) இதே சங்கதிதான். ரத்து என்று சொன்னால் போதாது, லூப் தானாக, 'இன்னும் ஓடலாமா' என்று சொல்லும் இஸ்ஆக்டிவைப் பார்த்து வெளியே வர வேண்டும்.

சின்ன வேலைக்கு ஐசொலேட் தேவையே இல்லை. விலைப்பட்டியல் தேடல் போன்றவற்றைத் துண்டு துண்டாக ஓட்டுகிறேன்: ஸ்டாப்வாட்ச் வைத்து 8 மில்லிசெகண்ட் ஆனதும் பூஜ்ய நேர ஃபியூச்சர்.டிலேய்டுக்கு ஓர் அவெய்ட். அது டைமர் வழியாக ஈவென்ட் வரிசைக்குப் போவதால் திரைக்கு மூச்சு கிடைக்கும். 'நூறு வரிக்கு ஒருமுறை' என்று எண்ணி வைப்பதைவிட இது மேல், ஏனென்றால் நூறு வரிக்கு ஆகும் நேரம் போனுக்குப் போன் மாறும். சோதிப்பதை, வேகத்தை அளப்பதற்கான புரொஃபைல் மோடில், கையிலிருக்கும் மோசமான போனில் செய்யுங்கள். பிழை தேடுவதற்கான டீபக் மோடின் வேகத்தை நம்ப வேண்டாம்.

2025-இல் வந்த ஃப்ளட்டர் 3.29-க்குப் பிறகு இதில் இன்னும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் டார்ட் குறியீடு இப்போது செயலியின் மெயின் திரெட்டிலேயே, அதாவது தொடுதலை முதலில் வாங்கும் இயக்க இழையிலேயே, ஓடுகிறது. முன்பு தனி திரெட் இருந்தது. தொடுதலுக்கு 5 நொடி பதில் வராவிட்டால் ஆண்ட்ராய்டு 'செயலி பதிலளிக்கவில்லை' என்று பெட்டியைக் காட்டும். தினசரிப் பயனர்களில் 0.47 விழுக்காட்டினருக்கு மேல் அதைச் சந்தித்தால், பிளே ஸ்டோரில் செயலி கண்ணில் படுவதே குறையலாம். மொத்தக் கடைக்கு எழுதிய செயலிக்கு அது பெரிய கவலை இல்லை, பொதுமக்களுக்கு வெளியிடுகிறவர்களுக்குக் கவலைதான்.

இப்போது அக்காவின் மகன் இதே கணக்கை பிரவுசரில் பார்க்க வேண்டும் என்கிறார். வெப்பில் ஐசொலேட் கிடையாது, கம்ப்யூட் அங்கே அதே திரெட்டில்தான் ஓடும். ஆகவே அந்தப் பதிப்புக்குத் துண்டு துண்டாக ஓட்டும் முறையையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.