பாங்காக்கில் துணி வாங்க: சந்தையா, பட்டுக்கடையா?

ஆந்திரத் தமிழக எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்தவளுக்கு, துணி என்றால் கை முதலில் அதன் பின்பக்கத்துக்குத்தான் போகும். பாங்காக்கிலும் அப்படித்தான் போனது. நானும் என் நாத்தனாரும் சனிக்கிழமை சாட்டுசக் சந்தையிலும், மறுநாள் குளிரூட்டிய பட்டுக்கடைகளிலும் அலைந்தோம். திரும்பி வந்ததிலிருந்து தெருவில் ஆளாளுக்கு எது தேவலை என்று கேட்கிறார்கள்.

சந்தை ஒரு குட்டி ஊர். 27 பகுதிகள், 15,000க்கும் மேல் கடைகள். சனி, ஞாயிறுதான் முழுதாகக் களைகட்டும். மோ சிட் ரயில் நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் போதும், வழி கேட்க வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், உச்சி வெயிலில் அந்தச் சந்துகளில் நின்று பேரம் பேசத் தெம்பு இருக்காது. இன்னொன்று, "சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கலாம்" என்று எந்தக் கடையையும் விட்டு நகராதீர்கள். மறுபடி கண்டுபிடிப்பதற்குள் கால் கழன்றுவிடும். நடுவில் இருக்கும் மணிக்கூண்டு மட்டும்தான் நமக்கு அடையாளம்.

பேரம் அங்கே கால்குலேட்டரில் நடக்கிறது. அவர்கள் ஒரு எண்ணைத் தட்டுவார்கள், நாம் ஒன்றைத் தட்ட வேண்டும். நகரியில் கடைக்காரருக்குத் தமிழும் தெரியும், தெலுங்கும் தெரியும். ரகசியம் பேச வழியே கிடையாது. இங்கே இரண்டும் நம் சொத்து என்று நினைத்து, "அண்ணி, இவர் இன்னும் ஐம்பது இறங்குவார், முகத்தைப் பாருங்க" என்றாள் நாத்தனார். பக்கத்தில் பை பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா சிரித்துவிட்டார். அவருக்குச் சேலமாம்.

எல்லாக் கடையிலும் விலை இறங்காது. தாங்களே வடிவமைத்துத் தைத்த உடுப்பை விற்கும் இளைஞர்கள் நிறையப் பேர் அங்கே சின்னக் கடை போட்டிருக்கிறார்கள். ஒட்டிய விலைதான் விலை. எனக்கு அதில் வருத்தமில்லை, தையல் அவ்வளவு சுத்தம். பருத்திச் சட்டை, பை, பழைய ஜீன்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தையைத்தான் சொல்வேன்.

ஆனால் பட்டு? அங்கேதான் தறிக்காரி ஏமாந்தாள். "அசல் பட்டு" என்று 250 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்து ஒரு சால்வை வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி மணிமணியாகத் திரண்டது. பாலியஸ்டர். அவசரத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த கை நூலை நிமிண்டிப் பார்க்கவில்லை.

பட்டுக்கடையில் பேரமும் இல்லை, வியர்வையும் இல்லை. விலையைப் பார்த்ததும் நாத்தனார் வாசலுக்கே போய்விட்டாள். நான் தேடியது மயில் முத்திரையை. தாய்லாந்துப் பட்டுக்கு அரசு தரும் சான்று அது. தங்க மயில் என்றால் நாட்டுப் பட்டுப்புழுவின் நூல், கைத்தறி நெசவு. பச்சை மயில் என்றால் வேறு இழை கலந்தது. இடையில் வெள்ளியும் நீலமும் உண்டு. நம் ஊர் 'சில்க் மார்க்' முத்திரை, அசல் பட்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். இது நெய்த விதத்தையும் சொல்கிறது. கையால் இழுத்த நூலில் அங்கங்கே தடிப்பு இருக்கும், அதைக் குறை என்று தள்ளிவிடாதீர்கள்.



பட்டுக்கடையில் இன்னொரு லாபமும் உண்டு. சந்தைக் கடைகளில் பெரும்பாலும் ரசீதே கிடையாது. இங்கே ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டோ அதற்கு மேலோ வாங்கினால், சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகள் வரியைத் திரும்பப் பெறும் படிவம் தருவார்கள். 7 சதவீத வரியில் கட்டணம் போக மிச்சம் கைக்கு வரும். வாங்கியது மொத்தம் 20,000 பாட்டை எட்டினால், பெட்டியை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் முன்பே சுங்கத்தில் பொருளையும் படிவத்தையும் காட்ட வேண்டும். எங்களுக்கு அது பெட்டி உள்ளே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. படிவம் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.