ஒவ்வொன்றாக எண்ணுவதா, கூட்டமாக மதிப்பிடுவதா?

வலசை வரும் பெருங்கொக்குகள் பகலெல்லாம் வயல்களில் மேய்ந்துவிட்டு, ஆழமற்ற நீரில் இரவைக் கழிக்க அந்தியில் திரும்புவதால், சரணாலயத்தில் அவற்றை எண்ண இலையுதிர்கால மாலை உகந்த நேரம். கழுத்தை நீட்டியபடி சிறு குடும்பங்களாக வருபவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவதே சிறந்தது. பெற்றோருடன் பறக்கும் இளம்பறவைகளைத் தனியே குறித்துக்கொண்டால், அவ்வாண்டின் இனப்பெருக்கம் எப்படி அமைந்தது என்பதும் தெரியவரும், அது எனக்கு மொத்த எண்ணிக்கையைவிட அருமையான செய்தி. ஆனால் ஒளி மங்கி, நூற்றுக்கணக்கானவை ஒருசேர இறங்கும்போது, முதலில் 10 பறவைகளை எண்ணி, அவை அடைத்துக்கொள்ளும் இடத்தை மனத்தில் பதித்து, அந்த அளவைக்கொண்டே கூட்டம் முழுவதையும் மதிப்பிடும் முறைதான் கைகொடுக்கும். அடர்ந்த கூட்டத்தைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும் என்பதால், இம்முறையைக் கடைசி அரைமணி நேரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்வேன்.