பாய்மரத்தில் மூன்றாவது கயிறு: கணபதி லேத் பட்டறை எப்படி?

கொச்சியில் படகு வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் பாய்மர வேலை என்றாலே மும்பைக்கோ கோவாவுக்கோ போன் போடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவை கணபதியில், சத்தி ரோட்டை விட்டு உள்ளே போகும் சந்தில், மில் மெஷின்களுக்கும் பம்புகளுக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும், பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. எங்கள் பாய்மரத்தில் புதிதாக ஒரு ஹேலியார்டு, அதாவது பாயை ஏற்றி இறக்கும் கயிறு, ஓடுவதற்கு அங்கேதான் வழி செய்தோம். ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேலை சுத்தம்.

படகு சின்னது, பாய்மரம் 7 மீட்டர் அலுமினியக் குழாய். பெரிய பாய்க்கு ஒரு கயிறு, முன்னால் இருக்கும் சின்ன முக்கோணப் பாயான ஜிப்புக்கு ஒரு கயிறு, இரண்டும் குழாய்க்குள்ளேயே ஓடுகின்றன. ஸ்பின்னேக்கர், அதாவது பின்காற்றில் பலூன் மாதிரி ஊதி நிற்கும் பெரிய பாய், கட்ட ரொம்ப நாளாக ஆசை. அதோடு நடுக்காயலில் ஜிப் கயிறு அறுந்தால் மேலே ஏறிக் கோக்க வழியே இல்லை, மூன்றாவதாக ஒன்று இருந்தால் அதில் ஜிப்பை மாட்டிக் கரை சேரலாம். மரத்தை இறக்கி, பிவிசி பைப் ஏற்றும் நீள டெம்போவில் பின்னால் சிவப்புத் துணி கட்டி வாளையார் வழியாகக் கொண்டுவந்தோம்.

முதலில் வேறொரு பெரிய பட்டறையில் காட்டினோம். பார்த்தவுடன் ஆர்கான் வெல்டிங்கில் ஒரு கொக்கி வைத்துவிடலாம் என்றார்கள். பாய்மரக் குழாய் சூட்டில் பதப்படுத்திய அலுமினியம், 6061 டி6 மாதிரியான ரகம், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

கணபதிப் பட்டறைப் பெரியவர் படகையே பார்த்ததில்லை. ஆனால் மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கவுறு எந்தப் பக்கமுங்க இழுக்கும்? நேரா கீழயா, சாஞ்சாப்லயா?" இந்த வேலையில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஜிப் ஒரு கம்பியோடு ஒட்டி நிற்கும், அதன் கயிறு ஒரே திசையில் இழுக்கும். ஸ்பின்னேக்கர் அப்படியல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊதிக்கொண்டு ஆடும், கயிறு மேலே தான் ஓடும் கப்பியின் பள்ளத்தை விட்டு ஓரத்தில் உரசும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் கயிறு அங்கேயே நைந்துபோகும். இதைச் சொன்னதும் அவர் உள்ளே போய், மில்லில் நூல் ஓடும் வழியில் வைக்கிற ஒரு இரும்பு கைடை எடுத்துவந்து காட்டினார், அதில் நூல் ஓடி ஓடியே ஆழமாக ஒரு கோடு விழுந்திருந்தது. "நூலுங்க, வெறும் நூலு. அதே இரும்பை அறுக்குது, கவுறு அலுமினியத்தை உடுமா?" என்றார். அப்புறம் கப்பியின் இரண்டு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உருண்ட உதடு வைத்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்தார். நான் கொண்டுபோன வரைபடத்தில் அது இல்லை. ஸ்பின்னேக்கர் கயிறு இன்றைக்கும் மொழுமொழுவென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

கப்பிக்கு முதலில் நைலான் என்றார். நைலான் தண்ணீர் குடித்து ஊதும், ஊதினால் கப்பி அது உட்காரும் பெட்டிக்குள் இறுகிச் சுற்றாது. தண்ணீரில் அவ்வளவாக ஊதாத டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கேட்டோம், வரவழைத்துக் கடைந்தார். கயிறு 6 மில்லி, கப்பி விட்டம் அதன் 8 மடங்கு, 48 மில்லி. கீழே கயிறு வெளிவரும் நீளத் துளையைப் பழைய துளைகளின் உயரத்தில் போடவில்லை. ஒரே உயரத்தில் இரண்டு மூன்று துளை வந்தால் மரம் அங்கேதான் மடங்கும். இரண்டு முனையிலும் முதலில் வட்டமாக ட்ரில் போட்டு, நடுவை அறுத்து, அரம் போட்டுத் தேய்த்தார். சதுர மூலை வைத்திருந்தால் விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும்.

குறையும் இருக்கிறது. அறுத்த அலுமினியத் துருவலைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டார்கள். சாய்த்தால் கலகலவென்று சத்தம், அப்படியே விட்டால் கயிற்றைக் கடித்திருக்கும், ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்து நாங்களே கழுவினோம். ரிவெட் விஷயத்திலும் கவனமாக இருங்கள். ஸ்டெயின்லெஸ் ரிவெட்டை அப்படியே அலுமினியத்தில் அடிக்கத்தான் பார்த்தார்கள். போர் தண்ணீரோடு பழகியவர்களுக்கு உப்புத் தண்ணீர் செய்கிற வேலை தெரியாது, இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நாங்கள் மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவை ரிவெட்டும் இடையில் தடவ டெஃப்-ஜெல் பசையும் கையோடு கொண்டுபோயிருந்தோம், சொன்னபடி செய்து கொடுத்தார்கள்.

கயிறு கோப்பது நம் வேலை. முதலில் உள்ளே ஒரு நூலை ஓட்டி, அதில் கட்டித்தான் கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு துண்டு சைக்கிள் செயினை ட்வைன் நூலில் கட்டி, மரத்தைச் சாய்த்து உள்ளே ஓடவிடுங்கள், தானாகக் கீழ்த்துளை வரை வந்துவிடும். வந்ததும் பழைய கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நூலும் கூடவே அசைந்தால் உள்ளே சுற்றிக்கொண்டது என்று அர்த்தம், எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கயிறு மாட்டி மரத்தை நிறுத்திய பிறகு கண்டுபிடித்தால் திரும்ப மரத்தை இறக்கவேண்டி வரும்.

கப்பி, உதடு, துளை எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் வாங்கினார்கள், பொருளோடு. எனக்கு அது நியாயமான விலை. சொன்ன தேதிக்குக் கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கோடைக்கு முன்னால் பம்பு வேலை நெருக்கும், அப்போது கொண்டுபோனால் மரம் மூலையில் சாய்ந்தே கிடக்கும். ஆனி, ஆடியில் கொச்சியில் மழைக்குப் படகைக் கரையேற்றுவோம் அல்லவா, அப்போதே மரத்தை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.