பராமரிப்புத் திட்டத்தைத் திருத்தப்போவது யார்? பெயரைக் கேட்டு வாங்குங்கள்

அமெரிக்காவில் அம்மாவையோ அப்பாவையோ முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்ததால் என் அம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். தண்ணீர் கொடுத்த பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த தாள் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. அந்தத் தாளைத் திருத்த வேண்டியவர் யார் என்று கேட்டபோதுதான் நான் ஏமாந்தது புரிந்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம். தண்ணீர் தொண்டையில் வேகமாக இறங்குகிறது. மூச்சுக்குழாயின் வாசல் மூடுவதற்குள் உள்ளே போய்விடுகிறது. நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு அந்த இருமலும் வருவதில்லை, ஓசையில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பரிசோதித்துவிட்டு, இனி எந்தப் பானமானாலும் 2-ஆம் நிலைக்குக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்றார். பானங்களின் கெட்டித்தன்மைக்கு 0 முதல் 4 வரை நிலைகள் உண்டு; வெறும் தண்ணீர் 0. "எல்லோருக்கும் தெரிவித்துவிடுகிறேன்" என்றார். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேறு தளத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட உதவிப் பணியாளர் ஒருவர், தாகம் என்று கேட்ட அம்மாவுக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல், மூச்சுத் திணறல். புரையேறியதால் வந்த நிமோனியா என்றார்கள்.

அம்மா தேறத் தொடங்கியதும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். சிகிச்சையாளர் தன் குறிப்பேட்டில் அன்றே எழுதியிருந்தார். மருத்துவரும் அன்றே உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார். சமையலறைக்குச் சீட்டுப் போயிருந்தது, அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டுத் தட்டில் வந்த பானங்கள் சரியாகவே இருந்தன. ஆனால் இரண்டு வேளைகளுக்கு நடுவே கட்டிலருகே தரும் தண்ணீருக்குச் சமையலறைச் சீட்டு கிடையாது. அதற்கு உதவிப் பணியாளர்கள் பார்ப்பது தங்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் தாளை. அந்தத் தாள், ஒருவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று இல்லம் எழுதிவைக்கும் பராமரிப்புத் திட்டத்திலிருந்து அச்சாகிறது. திட்டத்தைத் திருத்துவது யார்? "மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர் பார்த்துக்கொள்வார்" என்றார் பணியில் இருந்த செவிலியர். "அன்றாட மாற்றங்களைத் தளத்துச் செவிலியர்கள் போட்டுவிடுவார்கள், நான் மூன்று மாத மதிப்பீட்டின்போது மொத்தமாகச் சரிபார்ப்பேன்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "என் பகுதியை நான் எழுதிவிட்டேன்" என்றார் உணவியல் நிபுணர். செவிலியர் துறைத் தலைவர் என்னை உட்காரவைத்து, "எங்கள் இல்லத்தில் இது எல்லோருடைய பொறுப்பு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

பராமரிப்புத் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். இது உங்கள் உரிமை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லத்தில் இருப்பவரோ அவருடைய சட்டப்பூர்வப் பிரதிநிதியோ கேட்டால், வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பதிவுகளைப் பார்க்கவிட வேண்டும், 2 வேலை நாளில் நகல் தர வேண்டும். அம்மாவின் திட்டம் 23 பக்கம். பதினான்காம் பக்கத்தில், உணவியல் நிபுணரின் பகுதியில், "பானங்கள் 2-ஆம் நிலை" என்று இருந்தது. ஆறாம் பக்கத்தில், அன்றாட உதவிகள் என்ற பகுதியில், "சாதாரணத் தண்ணீர், அடிக்கடி கொடுத்து ஊக்குவிக்கவும்" என்று பழைய வரி அப்படியே இருந்தது. புது வரியை ஒருவர் சேர்த்திருக்கிறார். பழைய வரியை யாரும் நீக்கவில்லை. உதவிப் பணியாளரின் தாள் ஆறாம் பக்கத்திலிருந்து அச்சாகியிருந்தது.

அன்றிரவு 23 பக்கத்தையும் படித்தேன். எழுப்பி உட்காரவைக்க ஒருவர் போதும் என்று ஓரிடத்தில், இருவர் வேண்டும் என்று இன்னோரிடத்தில். அம்மா ஒருமுறை விழுந்ததற்குப் பிறகு சேர்த்த வரி, "அழைப்பு மணியை அழுத்தும்படி நினைவூட்டவும்." மணி எதற்கு என்றே அம்மாவுக்கு நினைவிருப்பதில்லை. அதை அவரோடு தினமும் இருக்கும் எந்த உதவிப் பணியாளரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

விதிகள் இல்லாமல் இல்லை. சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பத் திட்டம், 14 நாளுக்குள் முழு மதிப்பீடு, அது முடிந்த 7 நாளுக்குள் முழுத் திட்டம் என்று கூட்டாட்சி விதி சொல்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும். உடல்நிலையில் பெரிய மாற்றம் தெரிந்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் முழு மதிப்பீட்டையே மறுபடி செய்ய வேண்டும். திட்டத்தைத் தயாரிக்கும் குழுவில் மருத்துவர், பொறுப்புச் செவிலியர், சமையல் மற்றும் ஊட்டச்சத்துப் பிரிவைச் சேர்ந்தவர், அந்த நபரைக் கவனிக்கும் உதவிப் பணியாளர், முடிந்தவரை இல்லவாசியும் அவருடைய பிரதிநிதியும் இருக்க வேண்டும். திட்டம் பற்றி எங்களோடு நடந்த இரண்டு கூட்டங்களிலும் உதவிப் பணியாளர் வரவில்லை. வர வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது.

என் மனதில் இன்னும் அறுத்துக்கொண்டிருப்பது ஒன்று. மதிப்பீட்டுப் படிவத்தில் எந்தப் பகுதியை யார் நிரப்பினாரோ அவர் அதற்குக் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும் என்பது விதி. அம்மாவின் படிவத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் கையெழுத்து இருந்தது. அன்றாடம் அம்மாவைத் தொடுகிற கைகளுக்கு வழிகாட்டும் திட்டத்திலோ, பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் "குழு" என்று மட்டும் இருந்தது. குழுவாகச் சேர்ந்து முடிவெடுப்பது நல்லதுதான். நான் அதற்கு எதிரி அல்ல. விழுங்கலைச் சிகிச்சையாளர் அறிந்த அளவுக்குச் செவிலியர் அறிய மாட்டார். ஆனால் முடிவை எழுதுவதும், அதற்கு முரணான பழையதை அழிப்பதும் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும்.

ஆகவே யாராவது உங்களிடம் "தெரிவித்துவிடுகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். திட்டத்தில் எழுதப்போவது யார், எப்போது, பழைய வரியை நீக்குவது யார் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து, திட்டத்தையும் உதவிப் பணியாளர் வைத்திருக்கும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாளைக் கேட்க நாம் மறந்துவிடுகிறோம், தவறு நடப்பதோ அங்கேதான். முக்கியமாக வெள்ளிக்கிழமை பார்த்துவிடுங்கள். வார இறுதியில் முகங்கள் மாறும், அம்மாவை அறியாதவர்களுக்கு அந்தத் தாள்தான் எல்லாம். கூட்டத்துக்கு அழைத்தால் உதவிப் பணியாளர் வருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது யாருக்குத் தெரியுமா? அந்த உதவிப் பணியாளருக்கு. அவர் தாளில் இருந்ததைச் செய்தார். அவருக்காக நான் இல்ல நிர்வாகிக்கு எழுதினேன், இல்லவாசிகளின் புகார்களைக் கவனிக்கும் நீண்டகாலப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்தேன். இந்த அலுவலகம் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, கட்டணம் இல்லை. எங்கள் புகாருக்குப் பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அம்மா இல்லத்துக்குத் திரும்பியபின் புதிய நகல் வாங்கினேன். ஆறாம் பக்கத்துப் பழைய வரி போய்விட்டது. எழுந்து உட்கார இருவர் என்று ஒரே இடத்தில் இருக்கிறது. பொறுப்பாளர் கட்டத்தில் இன்னும் "குழு" என்றே இருக்கிறது. பெயர் எழுதித் தரும்படி கேட்டு நேற்று மறுபடி கடிதம் கொடுத்திருக்கிறேன்.