மீன் பார்க்க நூறு ரூபாய்: ராமநாதபுரம் பொருட்காட்சிக்குப் போய் வந்தோம்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் நேரத்துக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் காலையில் கொஞ்ச நேரம் வலை தைப்பார், அப்புறம் மதியம் முழுக்க ஃபேனுக்குக் கீழே புரண்டுகொண்டிருப்பார். பிள்ளைகளுக்கும் அதே சமயம் பள்ளிக்கூட லீவு. அந்த நேரம் பார்த்துத்தான் ராமநாதபுரத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடம் வரைக்கும் வந்து கத்திவிட்டுப் போனார்கள். "ஆழ்கடல் அதிசயம்! கண்ணாடிக் குகைக்குள் நடந்து சென்று கடல் மீன்களைக் கண்டு களியுங்கள்!" கடலுக்கு 200 அடி தூரத்தில் வீடு வைத்திருக்கிறவனிடம் வந்து இதைச் சொல்வதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

நடத்துகிறவர்கள் பெயரை எழுதவில்லை. இவர்கள் ஒரே பெயரில் ஊர் ஊராகப் போகிறவர்களும் இல்லை, உங்கள் ஊருக்கு வேறு பெயரில், இதே கண்ணாடிக் குகையோடு, ஏறக்குறைய இதே ராட்டினத்தோடு வேறு யாராவது வருவார்கள். அப்போது இது உதவட்டும்.

நான், மனைவி, மூன்றாவது படிக்கிற மகள், முதல் வகுப்புக்குப் போகப்போகிற மகன், மச்சான், அப்புறம் எங்கள் அப்பத்தா, மொத்தம் ஆறு பேர். அப்பத்தாவுக்கு எண்பது நெருங்குகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தலையில் கூடை வைத்து மீன் விற்ற ஆள், பஸ்ஸில் ஏறி உள்நாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் போய் வந்திருக்கிறது. "மீனைப் பார்க்கவா காசு குடுத்துப் போறீக? நான் காட்டுறேன், ஆளுக்கு அம்பது குடுங்க" என்று கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றதும் அதுதான்.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் பிள்ளைகள் இரண்டும் ஜன்னலுக்குப் போய்விட்டன. இந்த வழியில் நூறு தடவை போயிருப்போம், ஆனாலும் அந்த இடத்தில் பஸ்ஸில் ஒருத்தர்கூட செல்போனைப் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழையது ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து கை தூக்குகிற மாதிரி மேலே போனது, புதியது லிஃப்ட் மாதிரி ஒரே துண்டாக, 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்கு, அப்படியே நேராக ஏறும். கீழே விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நங்கூரம் போட்டு நின்றன. மகன் மாமாவின் படகைத் தேடினான். மச்சான் கிடைக்கிற படகை எல்லாம் காட்டி "அதுதான், அதுதான்" என்றார். இதற்கு டிக்கெட் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, பொருட்காட்சி. நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், அது முதல் தப்பு. கூடாரத்துத் தகரம் சூடு இறங்காமல் தகதகவென்று இருந்தது. ஆளுக்கு 100 ரூபாய், மீன் குகை அதில் சேர்த்தி. பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் உண்டா என்று கேட்டேன். கவுண்டருக்குள் இருந்தவர் மகனை ஒரு கம்பிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, தலை கோட்டைத் தாண்டுகிறது, முழு டிக்கெட் என்றார். கோடு என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நடக்கத் தெரிந்த பிள்ளை எதுவும் அதற்குள் அடங்காது. ஆக 600.

இனி அந்தக் குகை. பாதையின் நீளம் முப்பது முப்பத்தைந்து காலடி இருக்கும். தலைக்கு மேல் வளைந்த கண்ணாடி, நாலைந்து துண்டாகச் சேர்த்தது, சேர்த்த இடத்தில் எல்லாம் பாசி. நீல விளக்கு. உள்ளே ஏசி இருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள், இரண்டு பெரிய ஃபேனைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி வளைவாக இருப்பதால் மீன்கள் உள்ளதைவிடச் சின்னதாகத்தான் தெரியும், அப்படியும் சில மீன்கள் ஆள் உயரத்துக்கு இருந்தன, அதைப் பொய் சொல்ல மாட்டேன். மகள் வாயைப் பிளந்துவிட்டாள். நானும்தான்.

அப்பத்தா மட்டும் ஒரு பெரிய மீனுக்கு முன்னால் நின்றுவிட்டது. பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிறார்கள், காவலுக்கு நின்ற பையன் "பாட்டி, நகருங்க நகருங்க" என்கிறான், அது நகரவில்லை. அந்த மீன் ஆறடி இருக்கும், வால் பக்கம் சிவப்பு, செதில் ஒவ்வொன்றும் பெரிசு. மெதுவாக மேலே போகிறது, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி ஒரு மடக்குக் காற்றை இழுக்கிறது, மறுபடி கீழே வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே வேலை.

"இது கடல் மீன் இல்லடா" என்றது அப்பத்தா.

"எப்படிச் சொல்ற?"

"மேல வந்து மூச்சு விடுது பாரு. கடல்ல எந்த மீனு இப்படி வருது? இது கம்மாய் மீனு. விராலு இப்படித்தான் செய்யும்."

நான் போனில் தேடிப் பார்த்தேன். அரபைமா. அமேசான் ஆற்று மீன், நன்னீரில் வாழ்வது, செவுள் மட்டும் போதாமல் பத்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டிய மீன். கூடை தூக்கித் திரிந்த காலத்தில் கம்மாய்க்கரையில் விரால் பிடிக்கிறதைப் பார்த்து வைத்திருந்ததை, பிரேசில் மீன் வரைக்கும் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டது கிழவி!

அதற்கப்புறம் எங்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. மகள் ஒவ்வொரு தொட்டியாகக் காட்ட, நான் தேட. முதலை மாதிரி நீட்டு வாயோடு ஒன்று, மச்சான் "முரலுக்கு அண்ணன்" என்றார். அது அலிகேட்டர் கார், வட அமெரிக்க ஆற்று மீன். சிவப்பு வால் வைத்த கெளுத்தி, அதுவும் தென் அமெரிக்க ஆறுதான். கலர் கலராக இருந்தது ஜப்பானில் வளர்த்தெடுத்த கோய் கெண்டை. ஆஸ்கார், வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது. இப்படியே குகை முடியும் வரை போனோம். ஆழ்கடல் அதிசயத்தில் ஒரு கடல் மீன்கூடக் கிடையாது! வாளியில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்திருந்தால் தண்ணீரில் உப்பே இருந்திருக்காது.

காரணம் புரியாமல் இல்லை. கடல் மீனைத் தொட்டியில் வைப்பது லேசான வேலை கிடையாது. உப்பு அளவு சட்டென்று ஏறினாலும் இறங்கினாலும் பல மீன்கள் தாங்காது, தண்ணீரை ஓயாமல் சுத்தம் செய்ய வேண்டும், சூடு தாங்காது. மாசம் ஒரு ஊரில் கூடாரம் போட்டு லாரியில் ஏற்றிப் போகிறவர்களுக்கு ஆற்று மீன்தான் கட்டும். அதை அப்படியே "உலக ஆற்று மீன்கள்" என்று எழுதியிருந்தால் நான் இந்தப் பத்தியே எழுதியிருக்க மாட்டேன், ஏனென்றால் பார்க்க வேண்டிய மீன்கள்தான் அவை. ஆனால் ஒரு தொட்டியில்கூடப் பெயர்ப் பலகை இல்லை. காவல் பையனிடம் கேட்டால் எல்லாமே "ஷார்க் ஃபேமிலி சார்".

மச்சான் இன்னொன்று கேட்டார், அது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது. பெரிசாகிவிட்டால், கட்டுப்படியாகவில்லை என்றால், இந்த மீனையெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் சாலக்குடி ஆற்றில் இதே அரபைமா வலையில் மாட்டியிருக்கிறது, எங்கோ வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பியது. நம் கம்மாயில் ஒன்று விழுந்தால் விரால் என்ன ஆகும் என்று அவர் கேட்க, அப்பத்தா "விரால் அதுக்குச் சோறு" என்று முடித்துவிட்டது.

குகையின் கடைசியில் பவளப்பாறை செட் போட்டிருந்தார்கள், பிளாஸ்டிக். செல்பி எடுக்க 20 ரூபாய். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள், அதைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளம், 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு இடிந்து நிற்கிற சர்ச் சுவரைப் போய்த் தொட்டுப் பாருங்கள், அது முழுக்கப் பவளக்கல்தான். அந்தக் காலத்தில் சுவருக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அவ்வளவும் வாசலில் கிடக்க, என் மகன் பிளாஸ்டிக் பவளத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிறான். நானும் 20 ரூபாய் கொடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

குகைக்கு வெளியே வந்ததும் மனசு மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். வெயில் இறங்கி, சீரியல் பல்ப் போட்டதும் அதே இடம் வேறு இடமாகிவிடுகிறது. ராட்டினம் ஆளுக்கு 80. நான் ஏறவில்லை, மச்சானும் மனைவியும் பிள்ளைகளும் ஏறினார்கள். புயல் காற்றில் படகு ஓட்டுகிற மனுஷன் இரண்டாவது சுற்றிலேயே கண்ணை மூடிக்கொண்டார். டெல்லி அப்பளம் 50, முறம் அளவு, மிளகாய்த்தூள் தாராளம், கொடுத்த காசுக்கு மேலேயே ருசி. மிளகாய் பஜ்ஜி சுமார். வளையம் எறிகிற கடைக்குப் போகாதீர்கள், வளையம் சோப்புப் பெட்டியைவிட ஒரு நூல் சின்னதாக இருக்கிறது, மச்சான் 100 ரூபாயை அங்கே விட்டார். பாத்திரக் கடைகளில் பேரம் பேசலாம், அப்பத்தா ஒரு தோசைக்கரண்டியை 70-லிருந்து 40-க்கு இறக்கி வாங்கியது.

பொம்மை உடுப்பு போட்டவர்கள் நாலு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் 2024-இல் காமிக் கான் என்கிற, படக்கதை ரசிகர்கள் வேஷம் போட்டு வருகிற விழா நடந்தபோது செய்தியில் பார்த்துவிட்டு மகள் அங்கே போக வேண்டும் என்று ஒரு வாரம் அழுதாள், எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகிற தூரமா? ஆகவே இங்கே சிவப்பும் நீலமுமாக உடுப்பு மாட்டி, கையிலிருந்து வலை விடுகிற சினிமா வீரன் ஒருவரைப் பார்த்ததும் ஓடினாள். அவர் ராட்டினத்துக்குப் பின்னால் முகமூடியை மூக்கு வரை தூக்கிவிட்டு அப்பளம் தின்றுகொண்டிருந்தார். பாவம், அந்தப் புழுக்கத்தில் அந்த உடுப்பு. போட்டோவுக்குக் காசு கேட்கவில்லை. "இவரு யாரு?" என்று அப்பத்தா கேட்டது. வலை வீசுகிறவர் என்றாள் மகள். "அப்ப நம்ம ஆளுதான், தடைக்காலத்துக்கு இங்க வேலைக்கு வந்திருக்கான் போல" என்றது. அந்த மனுஷன் அப்பளம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

கழிப்பறை பற்றிக் கேட்காதீர்கள். பெண்களுக்கு ஒன்றுதான், தண்ணீர் இல்லை. இத்தனை லிட்டர் தண்ணீரைத் தொட்டியில் நிறுத்தியிருக்கிறவர்கள் ஒரு குழாய்க்கு விட முடியாதா என்று மனைவி அங்கேயே சண்டை போட்டாள். பிறகு ஒரு வாளி வந்தது.

செலவு, பஸ் சேர்க்காமல் 1,500-ஐத் தாண்டியது. ஐந்துக்கு எத்தனை என்றால், மீன் குகைக்கு ஒன்றரை, வெளியே உள்ளதற்கு மூன்றரை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கு மேல் போங்கள், குகைக்குள் ஒரு சுற்று மட்டும் போய்விட்டு வெளியே வந்து உட்காருங்கள். ஜூலையில் எங்கள் ஊர் சந்தியாகப்பர் சர்ச் திருவிழாவுக்கு வந்தாலும் இதே பொரி, வளையல், பலூன் கடைகள்தான், நுழைவுக் கட்டணம் கிடையாது, சாதி மதம் பார்க்காமல் கூட்டம் வரும்.

கடல் மீனைத்தான் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகலாம். 1947-இல் ஆரம்பித்த அந்த நிலையத்தின் தலைமையகம் பல வருஷம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கே காட்சிக்கூடமும் மீன் தொட்டிகளும் இருக்கின்றன. விளக்கு, மைக், அப்பளம் எதுவும் இருக்காது, ஆனால் கண்ணுக்கு முன்னால் இருப்பது நம் கடலில் உள்ளது. போகும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியற்காலையில் அப்பத்தா பிள்ளைகளை எழுப்பிக் கரைக்குக் கூட்டிப் போய்விட்டது. நாட்டுப்படகுகள் வருகிற நேரம், தடை விசைப்படகுக்குத்தானே. வலையைப் பிரிக்கப் பிரிக்க ஓரா, நகரை, காரல், ஒரு சின்னத் திருக்கை, உப்பிப்போன பேத்தை ஒன்று. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறது. திரும்பி வந்து என்னிடம் கையை நீட்டியது. ஆளுக்கு ஐம்பது, இரண்டு பேருக்கு நூறு. கொடுத்துவிட்டேன்.