பேக்கப் குறைந்த டியூபுலர் பேட்டரி: ஈக்வலைஸ் சார்ஜா, பல்ஸ் கருவியா, எக்ஸ்சேஞ்சா?

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் பேக்கப் பாதியானால் மூன்று வழி உண்டு. எக்ஸ்சேஞ்சில் புதுசு வாங்கலாம், மின்துடிப்பால் பிளேட் படிவைக் கரைப்பதாகச் சொல்லப்படும் பல்ஸ் கருவி மாட்டலாம், அல்லது வெளி சார்ஜரில் போட்டுக் குறைந்த கரண்டில் ஈக்வலைஸ் செய்யலாம், அதாவது எல்லா செல்லும் சமமாக நிறையும்வரை கூடுதலாகச் சார்ஜ் ஏற்றலாம். செல் ஏதும் சாகாதவரை என் ஓட்டு கடைசி வழிக்கே.

முதலில் ஹைட்ரோமீட்டர், அதாவது ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) காட்டும் கருவி. சார்ஜ் ஆனபின் ஆறு செல்லும் 1.180, 1.190 என்று ஒட்டுமொத்தமாகத் தாழ்ந்திருந்தால் பிளேட்டில் சல்ஃபேட் என்ற ஈய உப்பு படிந்திருக்கிறது, மீட்க வாய்ப்புண்டு. ஐந்து செல் 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.100-இல் நின்றால் அது பெரும்பாலும் ஷார்ட். எந்தச் சார்ஜும் உதவாது. தண்ணீர் கறுப்பாக வந்தால் பிளேட் உதிர்கிறது, விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் 14.4 வோல்ட் அருகே நிறுத்திக்கொள்ளும். பலவீனமான செல் அதற்குள் நிறையாது, அடர்ந்த ஆசிட்டும் அடியிலேயே தங்கிவிடும். குமிழி நன்றாகக் கிளம்பினால்தான் அது கலங்கும். ஆகவே இன்வெர்ட்டர் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். சார்ஜரின் 16 வோல்ட் இன்வெர்ட்டருக்குள் போகக்கூடாது. பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், மேல்கோடு வரை ஊற்றுவது சார்ஜ் முடிந்தபின். 15 ஆம்பியரில் ஆரம்பித்து, 14.4 வந்ததும் 5 முதல் 7 ஆம்பியருக்கு இறக்கி, வோல்ட்டேஜை 16 அருகே ஏற விடுங்கள். ஆரம்பத்திலேயே வோல்ட்டேஜ் எகிறினால் படிவு கெட்டி என்று பொருள். 3 ஆம்பியரில் வைத்தால், பிளேட் கரண்டை ஏற்கத் தொடங்கியதும் வோல்ட்டேஜ் தானே இறங்கும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மணிக்கொரு முறை கிராவிட்டி எடுத்து, தொடர்ந்து மூன்று முறை மாறாமல் நின்றால் முடிந்தது. ஒரு நாளைத் தாண்டலாம். இலக்கு 27 டிகிரியில் 1.240. எலக்ட்ரோலைட் 50 டிகிரி தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஹைட்ரஜன் வெளிவரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பை எடுக்கவேண்டும்.

கிராவிட்டி ஏறவில்லையே என்று ஆசிட் ஊற்றுவது பெருந்தவறு. சல்ஃபேட் பிளேட்டிலேயே இருக்கும், மீட்டர் மட்டும் நல்லதாகக் காட்டும், பிளேட்டின் ஈயச் சட்டமான கிரிட் அரிக்கும்.

பல்ஸ் கருவி பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். அதை மாட்டுபவர்கள் கூடவே நன்றாகச் சார்ஜும் ஏற்றுவதால் பலன் எதனுடையது என்று பிரிப்பது சிரமம். வோல்ட்டேஜ் உயர்ந்ததைச் சான்றாக எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே லோடு போட்டு 10.8 வோல்ட் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். புதிதாகப் படிந்த மென்சல்ஃபேட்டுக்கு சாதாரண முழு சார்ஜே போதும்.

சீல்டு பேட்டரிக்கு இந்த 16 வோல்ட் வேலை ஆகாது, உள்ளே வறண்டுவிடும். டியூபுலரில் இரண்டாம் சுற்றுக்குப் பிறகும் 1.220 எட்டாவிட்டால் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாமல் அப்படியே கொடுங்கள்.