லிகிதர் வேலைக்கு எந்தப் பயிற்சி: அரசா, தனியாரா?

ஓ.எல். முடித்து அலுவலக வேலை தேடும் மட்டக்களப்புப் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள்.

செலவு: அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் பல பாடநெறிகள் இலவசம், பஸ் காசுதான். தனியாரில் கட்டணம் உண்டு, சில இடங்களில் தவணையாகக் கட்டலாம்.

நேரம்: அரசில் பெரும்பாலும் முழுநேரம், மாதக்கணக்கில். தனியாரில் சனி, ஞாயிறு வகுப்பு கிடைக்கும். களுவாஞ்சிகுடியில் கடையில் நிற்கிறவருக்கு இதுதான் தோது.

சான்றிதழ்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் 7 மட்டங்கள் கொண்டது. கணினி பிரயோக உதவியாளர் மட்டம் 3. தனியார் நிலையத்தில் படித்தும் இதைப் பெறலாம், ஆனால் அந்தப் பாடநெறிக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். காசு கட்டுமுன் பதிவிலக்கத்தைக் கேளுங்கள்.

தட்டச்சு: எங்கே போனாலும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையைப் பழக்குவார்களா என்று விசாரியுங்கள். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்! நானும் பட்டிருக்கிறேன்.

வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளை என்றால் யோசிக்காமல் அரசுப் பக்கம் போகலாம். ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு எக்செல் மட்டும் தேவைப்படுகிறவருக்குத் தனியார் குறுங்கால வகுப்பு போதும்.